ஆர்வலர் ஆட்டமும் நடுவு நிலைமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையிலே இதற்கு முன் பேசிய அறிஞர்கள் இலக்கியத்தின் இனிமையையும் இசையின் பெருமையையும் எடுத்துரைத்து நம்மை மகிழ்வித்தார்கள். அவர்களுக்குப் பின்னே நின்று டென்னிஸ் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருப்பது செயலாளர் அவர்களின் துணிவைக் காட்டுகிறதேயன்றி எங்கள் தகுதியைக் காட்டவில்லை. நாங்கள் கோப்பை எதனையும் வென்று வந்தவர்கள் அல்லர். கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் உள்ள இக்குடியிருப்பிலே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உங்களோடு வாழ்ந்து வரும் இருவர். ஒருவர் வங்கியிலும் மற்றவர் இரயில்வே அலுவலகத்திலும் பணி செய்பவர்கள். நாற்பத்தைந்து வயதைக் கடந்த பின்னர், இரட்டையர் ஆட்டத்தில் ஓர் இணையாகப் போட்டிகளில் கலந்துகொள்ளும் ஆசை எங்களுக்குப் பிறந்தது. மேடையில் நிற்பவர் ஒருவரேயாயினும் இவ்வுரை இருவரும் அமர்ந்து எழுதியது. ஆதலின் 'நாங்கள்' என்றே பேசுவோம். அவ்வாறு பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது பின்னர் உங்களுக்கு விளங்கும்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறோம். பணத்திற்காக அன்றி விருப்பத்திற்காக ஆடுபவரை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்று அழைக்கிறார்கள். 'அன்பு செய்பவன்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக வந்த சொல் அது. நாளடைவில் 'அரைகுறையாகத் தெரிந்தவன்' என்ற பொருளும் அதனுடன் ஒட்டிக்கொண்டுவிட்டது. தமிழிலே அதற்கு நேரான சொல்லைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. அன்புடைமை அதிகாரத்தின் முதற் குறளிலேயே வள்ளுவர் 'ஆர்வலர்' என்னும் சொல்லை வழங்கியிருக்கிறார். அன்புடையவர் என்பதே அதன் பொருள். எங்களைப் போன்றவர்களை ஆர்வலர் என்று அழைத்தால் போதும். அதைவிடப் பெரிய பட்டம் எங்களுக்கு வேண்டுவதில்லை.

இன்று பெரும் பணம் புழங்கும் டென்னிஸ் உலகம் ஒரு காலத்தில் ஆர்வலர்க்கே உரியதாக இருந்தது. 1877ஆம் ஆண்டு விம்பிள்டனில் முதற் போட்டி நடைபெற்றது முதல் 1967ஆம் ஆண்டு வரை, பணம் பெற்று ஆடுபவருக்கு அப்போட்டியின் வாயில் திறக்கப்படவில்லை. 1968ஆம் ஆண்டில்தான் இருசாராரும் ஒன்றாக ஆடலாம் என்ற நிலை வந்தது. அவ்வாயில் திறப்பதற்கு முந்திய காலத்திலே, அங்கே நம் நாட்டின் பெயரை உயர்த்திய ஆர்வலர் ஒரு தமிழர். அவர்தாம் இராமநாதன் கிருஷ்ணன். 1937ஆம் ஆண்டு பிறந்த அவருக்குத் தந்தையாரே ஆசிரியர். 1954ஆம் ஆண்டு விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து சென்று அப்பட்டத்தைப் பெற்ற முதல்வர் அவரே. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அரையிறுதி வரை முன்னேறினார். தொழில்முறைக் குழுவினர் பெருந்தொகை தருவதாக அழைத்தபோதும் அவர் ஆர்வலராகவே நின்றார். அவருடைய மைந்தர் இரமேஷ் கிருஷ்ணன் 1979ஆம் ஆண்டு அதே சிறுவர் பட்டத்தை வென்றது குடும்பக் கலை குன்றாமல் வந்ததற்குச் சான்று.

கிருஷ்ணன் அவர்களுக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு சிறப்பானது. 1966ஆம் ஆண்டின் இறுதியிலே, டேவிஸ் கோப்பைக்காக இந்தியாவும் பிரேசிலும் மோதிய களம் நம் ஊரின் சவுத் கிளப் புல்தரையேயாகும். இரு நாடுகளும் இவ்விரண்டு ஆட்டங்களை வென்றிருந்தன. கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணன் பிரேசிலின் தாமஸ் காக்கை எதிர்த்து ஆடினார். எதிராளி இரண்டு செட்டுகளை வென்றுவிட்டார். கிருஷ்ணன் வென்றது ஒன்றே. நான்காவது செட்டிலும் அவர் 2, எதிராளி 5. இன்னும் ஓர் ஆட்டம் போனால் எல்லாம் போயிற்று. அந்நிலையிலிருந்து ஐந்து ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்று அந்தச் செட்டைக் கைப்பற்றினார். ஐந்தாவது செட்டையும் வென்றார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிக்குச் சென்றது. அன்று அங்கே இருந்த முதியவர் சிலர் நம் குடியிருப்பிலேயே இருந்தார்கள். அந்நாளைப் பற்றி அவர்கள் சொல்லக் கேட்டே எங்களுக்கு இவ்வாட்டத்தில் பித்துப் பிடித்தது.

மெல்போர்னில் நடந்த அவ்விறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியா 4க்கு 1 என்ற கணக்கில் வென்றது. இந்தியாவுக்குக் கிடைத்த அந்த ஒரே வெற்றி இரட்டையர் ஆட்டத்தில் வந்தது. கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இணைந்து, 1965ஆம் ஆண்டு விம்பிள்டன் இரட்டையர் பட்டம் பெற்ற நியூகோம், ரோச் ஆகியோரை வீழ்த்தினார்கள். முகர்ஜி இந்நகரின் மைந்தர்; தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் பேரர். ஒரு தமிழரும் ஒரு வங்காளியரும் தோளோடு தோள் நின்று பெற்ற வெற்றி அது. வங்க மண்ணில் வாழும் நமக்கு அதனை நினைக்குந்தோறும் ஒரு தனி மகிழ்ச்சி உண்டாவது இயல்பே.

இனி எங்கள் சிறு கதைக்கு வருவோம்.

மூத்தோர்க்கான போட்டிகள் 35, 45, 55 என வயதுப் பிரிவுகளாக நாட்டின் பல நகரங்களிலும் நடத்தப்பெறுகின்றன. இந்நகரில் ஒரு தை மாதத்தில் நடைபெறவிருந்த அத்தகைய போட்டி ஒன்றில் 45 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் பெயர் கொடுத்தோம். பூசை விடுமுறை முடிந்த மறுவாரம் பயிற்சியைத் தொடங்கினோம். கையிலே பன்னிரண்டு வாரங்கள் இருந்தன. இவ்வகைப் போட்டியில் இறங்க நினைக்கும் அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் நாங்கள் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதற்படியாக மருத்துவரிடம் சென்றோம். நாற்பதைக் கடந்தவர்கள் நெஞ்சையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளாமல் களத்தில் இறங்குவது வீரம் ஆகாது. அடுத்தபடியாக மட்டையைக் கவனித்தோம். எங்கள் மட்டைகளின் நரம்புகள் மூன்றாண்டுகளாக மாற்றப்படாதவை. வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறோமோ ஆண்டில் அத்தனை முறையாவது நரம்பை மாற்ற வேண்டும் என்பது ஆட்டக்காரர்களிடையே வழங்கும் ஒரு கணக்கு. நரம்பை மிக இறுக்கமாகக் கட்டினால் பந்து கட்டுக்குள் நிற்கும். ஆனால் அதன் அதிர்ச்சி முழங்கையில் இறங்கும். நடுவயதினர் சற்றுத் தளர்வாகவே கட்டிக்கொள்வது நன்று. எங்களுள் ஒருவர் இதனை முழங்கை வலியால் கற்றார். மற்றவர் அவரைப் பார்த்துக் கற்றார்.

பிறகு பயிற்சி. விடியற்காலை ஐந்தரை மணிக்கு, பனிமூட்டத்தில் வலையின் மறுபுறம் நிற்பவர் நிழல்போலத் தெரியும் வேளையில், குடியிருப்பை அடுத்த மண் தரையில் கூடுவோம். வந்தவுடனே மட்டையைத் தூக்குவதில்லை. பத்து நிமிடம் மெல்ல ஓடுவதும் உடலை வளைப்பதும் முடிந்த பின்னரே பந்து. முதல் நான்கு வாரங்கள் கால்களுக்கும் மூச்சுக்கும்; அடுத்த நான்கு வாரங்கள் அடிகளுக்கு; கடைசி நான்கு வாரங்கள் ஆட்டங்களுக்கு என்று வகுத்துக்கொண்டோம்.

அடிகளுள் நாங்கள் மிகுதியாகப் பழகியது இரண்டாவது சர்வீஸ். முதல் சர்வீஸைப் பலமாக அடித்துப் பார்க்க எல்லார்க்கும் ஆசை உண்டு. எங்கள் நிலையிலுள்ளவர்கள் தோற்பதோ பெரும்பாலும் இரண்டாவதைத் தவறவிடுவதால். நாள்தோறும் ஐம்பது பந்துகள், இரண்டாவது சர்வீஸ் மட்டுமே அடித்தோம். வலை நடுவிலே மூன்றடி உயரம். ஓரக் கம்பங்களில் மூன்றரை அடி. அந்த அரையடி வேறுபாட்டை நினைவில் வைத்து, ஐயம் வந்தபோதெல்லாம் நடுவிலேயே அடிப்பது என்று முடிவு செய்தோம். நடுவில் அடிக்கும் பந்து எதிரணியின் இருவருக்கும் இடையே சென்று, யாருடையது என்ற குழப்பத்தையும் அவர்களுக்கு உண்டாக்கும்.

அக்குழப்பம் எங்களுக்கு நேராதிருக்க வேண்டுமன்றோ! 'எனக்கு', 'உங்களுக்கு', 'விடுங்கள்' என்னும் மூன்று சொற்களை எங்கள் போர்க்களக் குறிகளாக வைத்துக்கொண்டோம். இவ்வூரில் தமிழ் எவர்க்கும் புரியாது என்பது எங்கள் நம்பிக்கை. முதற் சுற்றிலே எங்களை எதிர்த்த வங்கப் பெரியவர் ஒருவர், ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கி, தாம் பத்தாண்டுகள் சென்னையில் பணியாற்றியதாகத் தெளிந்த தமிழிலே தெரிவித்தார். எங்கள் இரகசியம் முழுவதும் அவர் செவியில் விழுந்திருக்கிறது. அப்படியும் நாங்கள் வென்றோம் என்றால் அது அவருடைய முழங்காலின் குற்றமேயன்றி எங்கள் திறமை அன்று.

உணவைப் பற்றியும் கேட்பீர்கள். முதல்நாள் இரவு இரசம் சோறு. ஆட்டத்திற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக இட்டிலி. பையிலே வாழைப்பழமும் உப்பிட்ட மோரும். எங்கள் இல்லத்தரசிகள் இதற்குமேல் எதனையும் அனுமதிக்கவில்லை. போட்டி நாளன்று குறித்த நேரத்திற்கு அரைமணி முன்னதாகவே களத்திற்குச் சென்றுவிடுவோம். பொதுவாகக் கால்மணி நேரத்திற்கு மேல் தாமதித்தால் எதிரணி வென்றதாக அறிவித்துவிடுவார்கள். பன்னிரண்டு வார உழைப்பை ஒரு பேருந்தின் கையில் ஒப்படைப்பது அறிவுடைமை அன்று.

இவ்வாறு உடலை ஆயத்தம் செய்தோம். மட்டையை ஆயத்தம் செய்தோம். ஆயினும் ஆயத்தம் செய்ய மறந்த ஒன்று இருந்தது. அது கால் இறுதி ஆட்டத்திலே வெளிப்பட்டது.

முதலிரண்டு சுற்றுகளையும் எப்படியோ வென்று கால் இறுதிக்கு வந்துவிட்டோம் என்ற செய்தி பரவியதும், அன்று காலை நம் குடியிருப்பிலிருந்து பதினைந்து பேருக்குமேல் வந்து வேலியோரம் நின்றார்கள். குழந்தைகளும் வந்திருந்தார்கள். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருப்போர் பலர்க்கு அந்நாள் நினைவிருக்கும். எதிரணியினர் எங்களைவிட மூத்தவர்கள். ஆட்டத்திலும் நடத்தையிலும் பண்பட்டவர்கள். முதல் செட் எங்களுக்கு 6–4; இரண்டாவது அவர்களுக்கு 6–4. மூன்றாவது செட்டுக்குப் பதிலாக, முதலில் பத்துப் புள்ளி எடுக்கும் அணி வெல்லும் டைபிரேக் ஆடுவது இப்போட்டிகளின் வழக்கம். இரண்டு புள்ளி வேறுபாடு இருத்தல் வேண்டும். அதிலே நாங்கள் 9, அவர்கள் 8 என்று வந்து நின்றது. இன்னும் ஒரே புள்ளி, பிறகு அரையிறுதி.

நாங்கள் இருவரும் வலையருகே முன்னேறி நின்றோம். எதிரணியின் மூத்தவர் எங்கள் தலைக்கு மேலே பந்தை உயர்த்தி அடித்தார். 'லாப்' என்று அதனைச் சொல்வார்கள். எங்களுள் ஒருவர் திரும்பி ஓடினார். எட்டவில்லை. பந்து பின்கோட்டின் அருகே விழுந்து எழுந்து வேலிக்குச் சென்றது. ஓடியவர் கையை உயர்த்தி "அவுட்!" என்றார். வேலியோரத்திலே பெருங்கூச்சல் எழுந்தது. ஆட்டம் முடிந்தது, நாம் வென்றோம் என்று நம் குழந்தைகள் குதித்தார்கள்.

அப்பொழுது எங்களுள் மற்றவர், நின்ற இடத்திலிருந்தே, "இல்லை. கோட்டின்மேல் விழுந்தது. பந்து உள்ளே" என்றார்.

அன்பர்களே! இத்தகைய போட்டிகளின் தொடக்கச் சுற்றுகளில் நடுவர் இருப்பதில்லை என்பதை உங்களில் சிலர் அறியாதிருக்கலாம். மேற்பார்வையாளர் ஒருவர் பல களங்களுக்கும் பொதுவாக உலவுவார். வலைக்குத் தம் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று தீர்ப்புச் சொல்பவர் அந்தப் பக்கத்து ஆட்டக்காரரே. தம் வழக்கில் தாமே நீதிபதியாக அமரும் விந்தையான மன்றம் அது. அம்மன்றத்திற்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஐயம் தோன்றினால் அதன் பயன் எதிராளிக்கே சேரும். இரட்டையர் ஆட்டத்தில் இணையர் இருவரும் மாறுபட்டுச் சொன்னால் பந்து உள்ளே விழுந்ததாகவே கொள்ளப்படும். கோட்டின் எந்தப் பகுதியைத் தொட்டாலும் பந்து உள்ளேதான். பின்கோட்டின் அகலமோ நான்கு அங்குலம் வரை இருக்கலாம். மண் தரையாயிருந்தால் பந்து பதிந்த தடத்தைச் சென்று பார்க்கலாம். அன்று ஆடியதோ தடம் பதியாத கெட்டித் தரை.

புள்ளி அவர்களுக்குச் சென்றது. 9–9. அதன்பின் எங்கள் கைகள் எங்களிடம் இல்லை. அடுத்த பந்து வலையில், அதற்கடுத்தது வெளியே. 11–9 என்று தோற்றோம். எதிரணியின் மூத்தவர் வலையருகே வந்து எங்கள் இருவர் தோளிலும் கை வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து மண்குவளையில் தேநீர் வாங்கித் தந்தார். எங்களுள் ஒருவர் அதனைக் குடித்தார். மற்றவர் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அன்று நாங்கள் ஒரே பேருந்தில் திரும்பவில்லை.

இருபது ஆண்டுகளாகத் தீபாவளிப் பலகாரமும் பொங்கல் கரும்பும் தடையின்றி மாறி வந்த இரு வீடுகளுக்கிடையே பன்னிரண்டு நாட்கள் பேச்சில்லை. "நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன். என்னைப் பொய்யன் ஆக்கிவிட்டீர்கள், அதுவும் குழந்தைகள் முன்னிலையில்" என்பது ஒருவர் மனக்குறை. "நானும் கண்ணால் கண்டதைத்தானே சொன்னேன்? வாய்மூடி இருந்திருக்க வேண்டும் என்கிறீர்களா?" என்பது மற்றவர் மனக்குறை. குடியிருப்பிலும் இரு கட்சிகள் தோன்றின. விதி அவ்வாறிருந்தால் மற்றவர் பேசியதே முறை என்றனர் சிலர். கூட்டாளியைக் கைவிட்டுவிட்டு நேர்மை பேசுவது என்ன நேர்மை என்றனர் வேறு சிலர். இரண்டாவது கட்சியே பெரியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம்.

'அவுட்' என்றவர் யார், 'உள்ளே' என்றவர் யார் என்பதை இம்மேடையில் கூறுவதில்லை என்று நாங்கள் உடன்படிக்கை செய்துகொண்டிருக்கிறோம். அன்று வேலியோரம் நின்றவர்கள் அறிவார்கள். மற்றவர்கள் அறியாதிருப்பதே நலம். 'நாங்கள்' என்று பேசுவதற்கு வேறொரு காரணம் உண்டு என்றோமே, அது இதுதான்.

பதின்மூன்றாம் நாள் விடியற்காலையில் 'அவுட்' என்றவர் மற்றவர் வீட்டுக் கதவைத் தட்டினார். கையிலே ஒரு கூடை பழைய பந்துகள். "வாருங்கள். கண் பொய் சொல்லுமா சொல்லாதா என்று பார்த்துவிடுவோம்" என்றார். நம் குடியிருப்பின் மண் தரைக்குச் சென்றோம். எதிர்ப்புறத்தில் ஓர் இளைஞரை நிறுத்தி, பின்கோட்டை ஒட்டி விழுமாறு முப்பது லாப் பந்துகளை அடிக்கச் செய்தோம். அந்த மற்றவர், களத்தின் ஓரத்தில், கோட்டின் நீட்சியில் அசையாது நின்று பார்த்தார். 'அவுட்' என்றவர் வலையிலிருந்து திரும்பி ஓடிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். ஒவ்வொரு பந்துக்கும் மண்ணில் பதிந்த தடமே சாட்சி. முப்பதில் ஏழு தீர்ப்புகள் பிழையாயின. ஏழும், உள்ளே விழுந்ததை வெளியே என்று சொன்ன பிழைகள்.

பிறகு இடம் மாறினோம். அன்று நின்ற இடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னவர் இப்பொழுது ஓடினார். அவர் செய்த பிழைகள் எட்டு!

இருவரும் மண் தரையிலேயே அமர்ந்துவிட்டோம். பந்து எடுத்துக்கொடுத்த இளைஞர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு நாங்களும் சிரித்தோம்.

பின்னர்த் தேடிப் படித்தபோது இது எங்கள் கண்களின் குறை மட்டும் அன்று என்பது தெரிந்தது. 2007ஆம் ஆண்டு விம்பிள்டன் ஆட்டங்களின் படப்பதிவுகளைக் கலிபோர்னியாவின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டறிந்த 83 தவறான தீர்ப்புகளுள் 70, உள்ளே விழுந்த பந்தை வெளியே என்று கூறியவை. விரைந்து செல்லும் பொருளை, அது செல்லும் திசையிலே சற்று முன்னே தள்ளிக் காண்பது மனிதக் கண்ணின் இயல்பாம். நாற்காலியில் அமர்ந்தும் கோட்டருகே நின்றும் பார்க்கும் பயிற்சி பெற்ற நடுவர்க்கே அந்நிலை என்றால், மூச்சிரைக்க ஓடுபவன், அதுவும் வெற்றியை விரும்பி ஓடுபவன், எவ்வளவு காண்பான்? 2025ஆம் ஆண்டு முதல் விம்பிள்டனில் கோட்டு நடுவர்களையே நீக்கிவிட்டு மின்னணுக் கருவிகளை அப்பணியில் அமர்த்திவிட்டார்கள். நம்போன்ற ஆர்வலர்க்குக் கருவி இல்லை. நம் கண்ணே கருவி. நம் வாயே தீர்ப்பு.

ஆகவே, அன்று 'அவுட்' என்றவர் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதாக நம்பியதைச் சொன்னார். 'உள்ளே' என்றவர் கூட்டாளியைக் கைவிடவும் இல்லை. நின்று பார்ப்பதற்கு ஏற்ற இடத்தில் அவர் இருந்தார், அவ்வளவே. அன்று அவர் ஓடியிருந்தால் அவரே 'அவுட்' என்று கூவியிருப்பார். எங்களைப் பன்னிரண்டு நாட்கள் பிரித்து வைத்தது பொய்யும் அன்று, துரோகமும் அன்று. கண் காண்பதில் ஆசைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நாங்கள் அறியாதிருந்ததே காரணம். வள்ளுவர் நடுவு நிலைமைக்குப் பத்துக் குறட்பாக்களை ஒதுக்கினார். அவர் காட்டும் துலாக்கோல் பிறர் வழக்கை நிறுப்பதற்கு என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். நம் வழக்கை நாமே நிறுக்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

அன்று முதல் எங்கள் பயிற்சியில் ஒரு புதிய பாடம் சேர்ந்தது. வாரத்தில் ஒரு நாள் தடம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிப் பழகுகிறோம். களத்திலே ஓடுபவர் வாய் திறப்பதில்லை. நிற்பவரே கோட்டைச் சொல்வார். இருவரும் தெளிவாகக் காணாவிட்டால் பந்து உள்ளே. இவ்விதியை ஏற்ற பிறகு சில புள்ளிகளை இழந்திருக்கிறோம் என்பது உண்மை. அதற்கு மாறாக, ஆட்டத்தின் நடுவே ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கும் துன்பம் நீங்கியது. அந்த நோக்கு ஒன்றே இரண்டு செட்டுகளைத் தோற்கடிக்க வல்லது என்பதைப் பட்டு அறிந்தவர்கள் நாங்கள்.

அடுத்த ஆண்டு அதே போட்டிக்குச் சென்றோம். கதையின் முடிவிலே வெற்றி வரும் என்று எதிர்பார்ப்பவர்களை ஏமாற்ற வேண்டியிருக்கிறது. இரண்டாம் சுற்றிலேயே 6–2, 6–3 என்று தோற்றோம். எதிரணியினர் எங்களைவிட நன்றாக ஆடினார்கள். வேறு காரணம் ஒன்றும் இல்லை. அன்று ஒரே பேருந்தில் திரும்பினோம்.

நிறைவாக, பெற்றோர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் குடியிருப்புச் சிறுவர் சிறுமியர் சிலர் இப்பொழுது பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர், பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டிகளுக்குச் செல்கிறார்கள். மிக மகிழத்தக்கது. அங்கும் பல ஆட்டங்களில் நடுவர் இல்லை; குழந்தைகளே கோட்டைச் சொல்ல வேண்டும். வேலிக்கு வெளியே நிற்கும் நாம் அவர்களைவிடத் தொலைவில் நிற்கிறோம். அவர்களைவிட மிகுதியாக ஆசைப்படுகிறோம். ஆகவே அவர்களைவிடத் தவறாகக் காண்கிறோம். 'வெளியே என்று சொல்!' என்று நாம் அங்கிருந்து கூவும் ஒரு கூச்சல், பயிற்சியாளர் ஓராண்டு முயன்று கற்பித்ததை அழித்துவிடும். அன்று எங்களுக்காகக் குதித்த குழந்தைகளுள் ஒருத்தி, ஆட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து, "பந்து உள்ளேதானே மாமா விழுந்தது? நான் பார்த்தேனே!" என்றாள். அவள் நின்றது பின்கோட்டின் நேரே. அன்று எங்கள் இருவரிலும் அவளுக்கு விடை சொல்லும் துணிவு எவர்க்கும் இல்லை. இன்று இச்சபையிலே சொல்லிவிடுகிறோம்: ஆம் அம்மா, உள்ளேதான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு மண் தரையிலே நாங்கள் இருப்போம். மட்டை இல்லாதவர்களுக்கு எங்களிடம் பழைய மட்டைகள் நான்கு உள்ளன. வயது தடையில்லை, மகளிரும் வருக, நம் வங்க அண்டை வீட்டாரையும் அழைத்து வருக. கிருஷ்ணனும் முகர்ஜியும் இணைந்து நின்றதுபோல நம் இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பக்கத்தில் நின்று ஆடட்டும்.